கத்திகள் போதும் என்று உங்களுக்கு எப்போது தோன்றியது?

பேனாக்கத்தி (கோவை)
ஞாயிறு, இரவு 10:40

ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கும் எல்லாக் கத்திகளையும் வெளியே எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வழக்கம். அப்பா காலத்தில் அரிவாள்மணை, தேங்காய் வெட்டும் அரிவாள், அவருடைய திருப்புளி, குறடு, சைக்கிள், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த வருஷம் எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து விளக்கேற்றும் நேரம் வரை ஆனது. எண்ணிப் பார்த்தேன், 61.

அந்த 61-இல் இரண்டு ஹிகோனோகாமி, ஜப்பானிய மடிப்புக் கத்தி. ஒரே அளவு, ஒரே பித்தளைப் பிடி, ஒரே முத்திரை. ஒன்றை வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. இன்னொன்றை எப்போது வாங்கினேன் என்று பழைய மின்னஞ்சல்களைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். ஏற்கெனவே ஒன்று இருப்பதையே மறந்து இன்னொன்றை வாங்கியிருக்கிறேன்.

இதைவிட மனதை உறுத்தியது இன்னொன்று. ஜப்பானில் சகாய் நகரத்தில் அடித்த 165 மி.மீ. நகிரி, அதாவது காய்கறிக் கத்தி, என்னிடம் இருக்கிறது. ‘வெள்ளைக் காகிதம்’ என்று பெயருள்ள கார்பன் எஃகு. ஆசைப்பட்டு ஆறு மாதம் பணம் சேர்த்து வாங்கியது. அதற்கென்று தோல் உறை தைக்கச் சொல்லி, உறையோடு அலமாரியில் வைத்திருந்தேன். உருவிப் பார்த்தால் வாயோரமாக நான்கைந்து செம்பழுப்புப் புள்ளிகள். துடைத்தால் போகிற துரு இல்லை. விரல் வைத்தால் குழி தெரிகிறது.

வயது 44. வாங்கும் வசதி இருக்கிறது, வைக்க இடம் இருக்கிறது, வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. வெளியிலிருந்து யாரும் நிறுத்தாதபோது, போதும் என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சாணைக்கல் (சென்னை)
ஞாயிறு, இரவு 11:25

முதலில் நகிரியைக் காப்பாற்றுவோம். கார்பன் எஃகைத் தோல் உறையில் நீண்ட நாள் வைக்கவே கூடாது தம்பி. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிட்டபோது அதில் தங்கிய அமிலமும் சேர்ந்தால் எஃகைத் தின்றுவிடும். உறை என்பது எடுத்துப்போகும் நேரத்துக்கு மட்டும். வீட்டில் வைக்கும்போது வெறும் கத்தியாக, எண்ணெய் பூசி, காகிதத்தில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மாதக்கணக்கில் நின்றால் சிக்கு வாடை வந்து பிசுபிசுக்கும். ஜப்பானியர்கள் கமேலியா எண்ணெய் பூசுவார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினே நமக்குப் போதும். அலமாரியில் சிலிகா ஜெல் பொட்டலம் நாலு போடுங்கள். குழி வாயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? வாய்க்கு மிக அருகில் என்றால் தீட்டத் தீட்ட மெல்ல மெல்லக் கரைந்துவிடும்.

இனி உங்கள் கேள்வி. நான் தீட்டும்போது 1000 எண் கல்லில் ஆரம்பித்து, அதைவிட நயமான 4000-இல் முடிப்பவன். ஒரு கத்திக்குச் சராசரியாக 20 நிமிடம். 61 கத்திக்கு 1220 நிமிடம், அதாவது 20 மணி நேரத்துக்கு மேல். ஒரு விடுமுறை நாளில் முதுகு ஒத்துழைத்தால் ஆறு மணி நேரம் கல் முன்னால் உட்காரலாம். ஆறு மணி நேரத்துக்கு 18 கத்தி. என்னிடம் இருப்பதும் 18. பத்தொன்பதாவது வந்தால் எது வெளியே போகும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வாங்குவேன். கடலுக்கு ஐந்து தெரு தள்ளி இருக்கிறேன், இந்த உப்புக் காற்றில் கவனிக்காத கத்தி மூன்று மாதம் தாங்காது. அதனால் எனக்கு இந்தக் கணக்கு தானாக அமைந்தது.

எண்8 (புதுச்சேரி)
திங்கள், காலை 7:10

சாணைக்கல் ஐயா சொல்வது தீட்டிப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சரி. சேகரிப்பவர்களுக்கு அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். சேகரிப்புக்கு முடிவு என்று ஒன்று இருக்க வேண்டும். முடிவை முதல் நாளே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் சேர்ப்பது ஓப்பினெல் என்ற பிரெஞ்சு மடிப்புக் கத்தி மட்டும். பெரியப்பா பிரான்ஸில் இருந்தார், விடுமுறைக்கு வரும்போது மாம்பழம் நறுக்க எடுத்த எண் 8 கத்தியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதில் தொடங்கியது. ஜோசஃப் ஓப்பினெல் 1890-இல் சவாய் மலைப்பகுதியில் இந்தக் கத்தியைச் செய்தார். 1897-இல் 1 முதல் 12 வரை பன்னிரண்டு அளவுகள் வந்தன. 1930-களில் எண் 1, எண் 11 இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். எண் 1 மிகச் சின்னது. எண் 11, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசமில்லாமல் கிடந்தது. ஆக இன்று வரிசையில் நிற்பவை பத்து. எண் 2-இன் அலகு 3.5 செ.மீ., எண் 8-இன் அலகு 8.5 செ.மீ., எண் 12-இன் அலகு 12 செ.மீ. எண் 6-இலிருந்துதான் பூட்டு வளையம் உண்டு. அந்த வளையம் 1955-இல் வந்தது.

பத்தையும் சேர்க்க எனக்கு நான்கு வருஷம் ஆனது. கடைசியாகக் கையில் வந்தது எண் 3. அன்று இரவு பத்தையும் பாயில் வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டு மாதம் ஏதோ தொலைந்துபோன மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். தேட ஒன்றும் இல்லை. மூன்றாம் மாதம் அது அடங்கிவிட்டது. இப்போது அந்தப் பத்தையும் முன்பைவிட அதிகமாகக் கையில் எடுக்கிறேன்.

பேனாக்கத்தி
திங்கள், காலை 9:02

எண்8, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் ஆலிவ் மரப்பிடி, வால்நட் பிடி, துருப்பிடிக்காத எஃகு, கார்பன் என்று அதிலும் கிளை பிரிகிறதே? எப்படிக் கட்டுப்படுத்தினீர்கள்?

எண்8
திங்கள், காலை 9:30

பீச் மரப்பிடி, கார்பன் எஃகு. பெரியப்பா கொடுத்தது அதுதான் என்பதால் அது மட்டும்.

சிவப்புப்பிடி (திருச்சி)
திங்கள், மதியம் 1:15

எண்8-க்கு அமைந்த வேலி எல்லோருக்கும் அமையாது. நான் விக்டோரினாக்ஸ் சேர்க்கிறேன். கார்ல் எல்சனர் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கியது 1891. இன்று நாம் பார்க்கும் சிவப்புக் கத்தியின் மூதாதையான அதிகாரிகள் கத்தியைப் பதிவு செய்தது 1897 ஜூன் 12. நான் அந்த வரலாற்றைத் தொட்டுப் பார்க்கத்தான் ஆரம்பித்தேன். பிறகு அலாக்ஸ் என்ற அலுமினியப் பிடிக் கத்திகள் வருஷத்துக்கு ஒரு புது நிறத்தில் குறைந்த எண்ணிக்கையில் வருகின்றன என்று தெரிந்தது. ஒரு வருஷம் விட்டால் வரிசை அறுந்துவிடுமே என்று வாங்கினேன். அடுத்த வருஷமும் அதே பயத்தில் வாங்கினேன். நிறம் பிடித்திருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

நிறுவனம் செய்துகொண்டே இருக்கும்வரை முடியாத வரிசையில் நின்றால், நிறுத்தவேண்டியது நாம்தான். நான் நிறுத்திய வருஷம் வந்தது எனக்குப் பிடித்தமான நிறம், இருந்தும் விட்டேன். இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. பிறகு சரியாகிவிட்டது.

உலைக்கூடம் (சிவகங்கை மாவட்டம்)
திங்கள், இரவு 9:48

எங்க தாத்தாவுக்குப் பட்டறை இருந்துச்சு. எங்க பக்கத்து திருப்பாச்சேத்தி அருவான்னாலே வெட்டுக்குத்துதான் ஞாபகம் வருதுங்கறது எனக்கு ரொம்ப நாளா இருக்கற வருத்தம். தாத்தா அடிச்சதுல பெரும்பங்கு வெறகு வெட்ட, கருவேலங்கெளை கழிக்க, தேங்கா வெட்ட, கதிர் அறுக்க. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கிட்டு வருவாங்க, நல்ல எஃகு அது. துருத்தி போட்டுக் காய்ச்சி, ரெண்டு பேரு மாத்தி மாத்தி சம்மட்டி போட, தாத்தா குறட்டுல பிடிச்சுத் திருப்பிக்கிட்டே இருப்பாரு. வாய்ப்பக்கத்துக்கு மட்டும்தான் தோய்ச்சல், சூட்டோட முக்கி எடுக்கறது. முதுகு வரைக்கும் தோய்ச்சா கருவேலங்கட்டையில ஓங்கிப் போடறப்ப ஒடிஞ்சிரும்.

பட்டறைச் சுவத்துல எந்நேரமும் இருபது முப்பது அருவா தொங்கும். ஒண்ணுகூட தாத்தாவோடது இல்ல. வாய் மழுங்கிருச்சு, காய்ச்சி அடிச்சுக் குடுங்கன்னு ஊர்க்காரங்க வச்சிட்டுப் போனது. சாயங்காலம் ஆளுங்க வந்து கேக்கறப்ப தாத்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. கையைப் பின்னால விட்டு எடுப்பாரு, பிடியைத் தடவுவாரு, சரியா அவங்களோடதைத்தான் குடுப்பாரு. யாரு இடதுகைக்காரரு, யாரு பிடியில துணி சுத்துவாரு, யாருக்கு எந்த வருசம் அடிச்சது, எல்லாம் கைக்குத் தெரியும்.

அண்ணே, உங்ககிட்ட 61 இருக்கறது தப்புன்னு நான் சொல்லல. கண்ணைக் கட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாருங்க. எதுன்னு கைக்குத் தெரியுதா? தெரியாததெல்லாம் இன்னும் கடைக்காரரோடதுதான். உங்க வீட்ல இருக்கு, அவ்வளவுதான்.

எண்8
திங்கள், இரவு 10:05

உலைக்கூடம் சொன்னதை இரண்டு முறை படித்தேன்.

பேனாக்கத்தி
செவ்வாய், காலை 6:30

நானும்தான். இந்த வார இறுதியில் செய்து பார்க்கிறேன்.

செய்வதற்கு முன்னால் ஒன்று. 61-இல் ஏழு கத்திகள் ‘டமாஸ்கஸ்’ என்று சொல்லி இணையத்தில் விற்றவை. ஆரம்ப நாட்களில் வாங்கியது. அலை அலையாக ரேகை ஓடும். இவற்றை வைத்துக்கொள்வதில் பொருள் இருக்கிறதா?

சாணைக்கல்
செவ்வாய், காலை 8:12

மெல்லிய உப்புத்தாளால் ஓரிடத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ரேகை மறையும். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலை அங்கே தடவுங்கள். ரேகை திரும்பி வந்தால் இரண்டு வகை எஃகை அடுக்கி ஒட்ட அடித்த கத்தி, நேர்மையான வேலை. வராவிட்டால் மேலே பொறித்த கோலம்.

இரண்டுமே பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகு இல்லை. அது நம் பக்கத்து உருக்கு. மூசையில், அதாவது உருக்கும் மண்குடுவையில், இரும்பையும் கரிப்பொருளையும் மூடி வைத்து உருக்கி எடுத்தது. ரேகை அந்த எஃகுக்குள்ளேயே கார்பைடு துகள்கள் வரிசை கட்டுவதால் வருகிறது. வெனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் இருப்பதுதான் அந்த வரிசைக்குக் காரணம் என்று அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து 1990-களில் செய்தே காட்டினார்கள். அதற்கு 200 வருஷம் முன்பே, 1795-இல், ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இந்த இந்திய எஃகைப் பற்றி ஆய்வுக் கட்டுரை கொடுத்திருக்கிறார். நீங்கள் கோவைக்காரர். உங்கள் நொய்யல் ஆற்றங்கரையில், ஈரோடு மாவட்டம் கொடுமணலில், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளை அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் போய் அந்த மேட்டில் நின்றுவிட்டு வாருங்கள். அந்த ஏழு கத்திகளை என்ன செய்வது என்பது அங்கேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

புதுசு (சேலம்)
செவ்வாய், மாலை 5:40

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 240 மி.மீ. க்யூட்டோ (ஜப்பானியச் சமையல் கத்தி) வாங்க நினைக்கிறேன். 9 அங்குலத்துக்கு மேல் போனால் உரிமம் வேண்டும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

சாணைக்கல்
செவ்வாய், மாலை 6:20

240 மி.மீ. என்பது சுமார் 9.4 அங்குலம். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. ஆனால் வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகவே வடிவமைத்தவற்றுக்கு அதே வரியில் விலக்கும் இருக்கிறது. சமையலறைக் கத்தி சமையலறையில் இருக்கும்வரை கவலையில்லை. குக்ரி, குத்துவாள், வாள் சேர்ப்பவர்கள்தான் விதியை முழுதாகப் படித்துவிட்டு வாங்க வேண்டும். குக்ரி அதில் பெயரோடு இருக்கிறது.

வல்லைவெளி (லண்டன்)
புதன், அதிகாலை 2:50

எல்லாற்றை பதிவையும் வாசிச்சன். நான் கொஞ்சம் வேற மாதிரி நினைக்கிறன், கோவிக்காதேங்கோ.

1995 ஐப்பசியில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 13 வயது. மழை. அம்மா உடுப்புப் பையோட ஒரு மன்னாக்கத்தியைத்தான் சாக்கில சுத்தி எடுத்தவ. போன இடத்தில அந்த ஒரு கத்திதான் எல்லாத்துக்கும். தடி வெட்டிக் கொட்டில் போட்டது அதாலதான். தேங்காய் உடைச்சது, விறகு கொத்தினது, மீன் வெட்டினது, தம்பிக்கு விளையாட்டு வண்டில் செய்து குடுத்தது, எல்லாம் அதாலதான். ஏழு வருசம்.

ஒரு கத்தி போதும் எண்டதுக்கு என்னைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. ஆனா நான் அப்பிடிச் சொல்ல வரேல்லை. என்னட்டை இப்ப 34 கத்தி இருக்கு. இங்க வெளியில கொண்டுதிரியேலாது. பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடிப்புக் கத்திதான் காரணம் சொல்லாமல் கொண்டுபோகலாம். எண்8 வைச்சிருக்கிற ஓப்பினெல் எட்டுக்கு வளையப் பூட்டு இருக்கிறதால அதுவும் சட்டைப்பைக்குள்ள வரேலாது. அதால 34-உம் வீட்டுக்குள்ளதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மேசையில விரிச்சு வைச்சுத் துடைப்பன். அதில அரைவாசியை நான் ஒருக்காலும் பாவிச்சதில்லை, பாவிக்கவும் மாட்டன். மீன் வெட்ட ஒண்டு, பாண் வெட்ட ஒண்டு, மரம் செதுக்க ஒண்டு, சும்மா வடிவுக்கு ஒண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கத்தி வைச்சிருக்கிறது எனக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்கு நான் கணக்குப் பார்க்கமாட்டன்.

தம்பி பேனாக்கத்தி, துருப்பிடிக்க விட்டது பிழை. அதைத் திருத்துங்கோ. 61 எண்ட எண்ணிக்கைக்காக வெக்கப்படாதேங்கோ.

அம்மாவின்ரை மன்னாக்கத்தி இப்ப கிளிநொச்சியில தங்கச்சி வீட்டை. கொண்டுவரக் கேட்டனான். அவ தரமாட்டன் எண்டிட்டா.

உலைக்கூடம்
புதன், காலை 7:20

அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. உங்க 34-ஐயும் உங்க கைக்குத் தெரியும், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தொடறீங்க. நான் சொன்னதும் அதைத்தான். மன்னாக்கத்திக்குப் பிடி என்ன மரம்? ஞாபகம் இருந்தா சொல்லுங்க.

வல்லைவெளி
புதன், முற்பகல் 11:30

பாலை மரம். முதல் பிடி உடைஞ்சபிறகு அப்பா போட்டது.

அலமாரி (மதுரை)
புதன், இரவு 8:55

இங்கே படிக்க மட்டும் வருவேன், எழுதியதில்லை. இன்று எழுத வேண்டும் போல இருக்கிறது.

அப்பா கப்பலில் வேலை பார்த்தார். துறைமுகத்துக்கு ஒன்று என்று கத்திகள் வாங்குவார். அவர் இறந்தபோது 112 இருந்தன. எங்களுக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. எது எங்கே வாங்கியது, எது விலை உயர்ந்தது, எதை அவர் விரும்பினார், ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் அண்ணனும் நானும் பாதிக்கு மேல் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். தராசில் கொட்டிய சத்தம் இன்னும் கேட்கிறது. இரண்டு பேர் சேர்ந்து நிற்கும் முத்திரை போட்ட கத்திகள் அதில் நாலைந்து இருந்தன. அந்த இரட்டையர் முத்திரை ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்தில் 1731-இல் பதிவானது என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

பணம் போனது பற்றி எனக்கு வருத்தமில்லை. சின்ன வயதில் அப்பா ஊருக்கு வந்தால் மொட்டை மாடியில் உட்கார்ந்து கொய்யாப்பழத்தைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தருவார். அதற்கென்று ஒரு மடிப்புக் கத்தி வைத்திருந்தார். அது எடைக்குப் போய்விட்டதா, இல்லை என்னிடம் மிஞ்சிய ஒன்பதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒன்பதையும் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

எவ்வளவு வேண்டுமானாலும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வையுங்கள். எழுத ஒன்றும் தோன்றாத கத்தியை நீங்கள் இருக்கும்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு சந்தேகம். ஒன்பதில் ஒன்றின் பிடி ஆமையோடு போல இருக்கும். சமீபமாக அது வியர்த்த மாதிரி ஈரமாகிறது, கிட்டே போனால் புளித்த வாடை. பக்கத்தில் இருந்த இரண்டு கத்திகள் துருப்பிடித்துவிட்டன. என்ன செய்வது?

சாணைக்கல்
புதன், இரவு 9:20

அம்மா, அதை உடனே வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். மற்ற எட்டையும் துடைத்து எண்ணெய் பூசி வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். அது ஆமையோடு இல்லை, செல்லுலாய்டு என்று நினைக்கிறேன். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்த பழைய பிளாஸ்டிக். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாடை வரும். பல பத்தாண்டுகள் கழித்து அது சிதையத் தொடங்கும். அப்போது வரும் நைட்ரிக் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் எஃகையெல்லாம் அரிக்கும். பழைய ஐரோப்பிய, அமெரிக்க மடிப்புக் கத்திகள் வைத்திருக்கும் எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியில் அடைத்து வைத்த முழுச் சேகரிப்பும் ஒரு பிடியால் பாழாகலாம். எளிதில் தீப்பற்றும் பொருள், அதனால் அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் திறந்தபடி வையுங்கள்.

பிடியை நல்ல மரத்தில் மாற்றித் தர ஆள் இருக்கிறார்கள். அலகு உங்கள் அப்பா தீட்டிய அலகாகவே இருக்கும். அந்த ஒன்பதின் அலகுகளையும் பக்கவாட்டில் புகைப்படம் எடுத்துப் போடுங்கள். பழம் நறுக்கியே பல வருஷம் போன கத்தியில் நடு அலகு தேய்ந்திருக்கும், நுனியும் அடியும் புதிதாக இருக்கும். பழத்தின் புளிப்பில் சாம்பல் நீலமும் ஏறியிருக்கும். பார்த்துச் சொல்கிறேன்.

தாளிப்பு (சிங்கப்பூர்)
வியாழன், இரவு 11:58

வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். சமையல்காரியாகச் சொல்கிறேன். வேலைக்கு நான் எடுத்துப்போவது நான்கு. 240 க்யூட்டோ, மீனுக்கு 180 தேபா, சின்ன வேலைக்கு 120 மி.மீ. கத்தி ஒன்று, ரொட்டிக்குப் பல் வைத்தது ஒன்று. வீட்டில் அம்மா கொடுத்த அரிவாள்மணை. வாழைப்பூவும் கீரையும் இன்றைக்கும் எனக்கு அதில்தான் சரியாக வரும்.

நானும் ஒரு காலத்தில் 20-க்கு மேல் வைத்திருந்தேன். குறைந்தது விற்றதால் இல்லை, இரவல் கொடுத்ததால். கூட வேலை செய்யும் சின்னப் பிள்ளைகள் நல்ல கத்தி பிடித்துப் பார்த்ததே இல்லை. ஒருத்தனுக்கு ஒரு மாதத்துக்கு என்று ஒரு நகிரி கொடுத்தேன். அவன் தினமும் முட்டைக்கோஸ் நறுக்கி, அழகாகத் தீட்டித் திருப்பிக் கொண்டுவந்தான். என்னிடம் இருந்தபோது அந்தக் கத்தி அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு அவனுக்கே கொடுத்துவிட்டேன். கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று எங்கள் ஆச்சி சொல்வார்கள், அதனால் அந்தக் காசு.

பேனாக்கத்தி சார், அந்த சகாய் நகிரியை உறையில் பூட்டாதீர்கள். தினமும் வெங்காயம் நறுக்குங்கள். நறுக்கியதும் கழுவித் துடையுங்கள். பயன்படுகிற கார்பன் கத்தியில் சாம்பல் நிறப் படலம் ஏறி அதுவே துருவைத் தள்ளி நிறுத்தும். சும்மா கிடக்கும்போதுதான் அது கெட்டுப்போகிறது.

பேனாக்கத்தி
அடுத்த திங்கள், இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன், அப்படியே எழுதுகிறேன்.

துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். மனைவி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது என்று மேசையில் பிடி என் பக்கமாக வைத்து, ‘ம்’ என்பாள், நான் எடுப்பேன். மகள் நோட்டில் எழுதினாள். மூன்று மணி நேரம் ஆனது.

61-இல் 27-ஐ உடனே சொல்லிவிட்டேன். அப்பாவின் தேங்காய் அரிவாளைப் பிடியில் கை படும் முன்பே, மேசையில் வைத்த சத்தத்திலேயே சொன்னேன். ஒன்பது கத்திகளில் தடுமாறி, கடைசியில் சரியாகச் சொன்னேன். மீதி 25-உம் தெரியவில்லை. விலை உயர்ந்த சில அந்த 25-இல் இருந்தன, மகள் பெயரைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி. டமாஸ்கஸ் ஏழும் அதில்தான். உப்புத்தாள் சோதனையில் இரண்டு மட்டும் தேறின.

நகிரியைக் கண்டுபிடித்தேன். கட்டைவிரல் அந்தத் துருக் குழியைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை. அன்று மாலையே 1000 கல்லை எடுத்தேன். குழி இன்னும் போகவில்லை, ஆழம் குறைந்திருக்கிறது. இன்று சாம்பார் வெங்காயம் அதில்தான் நறுக்கினேன்.

அலமாரி சொன்னதுபோல் சீட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம். மகள் கேட்கக் கேட்க நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். 14 முடிந்திருக்கிறது. தடுமாறிய ஒன்பதை ஒரு வருஷம் முன்வரிசையில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தப் போகிறேன். அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடி கண்ணைக் கட்டுவேன். அதுவரை புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை. வல்லைவெளி அண்ணா, எண்ணிக்கைக்காக இல்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை செய்வதை நான் ஒரு வருஷம் செய்து பார்க்க வேண்டும்.

25-இல் நல்லவை சிலவற்றை இங்கே விற்பனைப் பகுதியில் போடுகிறேன், வாங்கிய விலைக்குக் கீழே. இரண்டு ஹிகோனோகாமிகளையும் மாற்றி மாற்றி வைத்தும் எது முதலில் வாங்கியது என்று கைக்குத் தெரியவில்லை. அதில் ஒன்றை விற்க மனமில்லை. ஜப்பானில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பென்சில் சீவிய கத்தி அது. 1960-இல் டோக்கியோ மேடையில் ஒரு அரசியல் தலைவர் குத்திக் கொல்லப்பட்ட பிறகு பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று பெரிய இயக்கம் நடந்து, அந்தப் பழக்கம் போய்விட்டது. பெயருக்கு உரிமையுள்ள பட்டறை இன்று மிகி நகரத்தில் ஒன்றுதான் மிச்சம். முதலில் கேட்பவருக்கு ஒன்றைத் தருகிறேன்.

அலமாரி
அடுத்த திங்கள், இரவு 9:50

ஒன்பதின் படங்களையும் போட்டிருக்கிறேன். சாணைக்கல் ஐயா, மூன்றாவது படத்தில் நடு அலகு தேய்ந்திருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

சாணைக்கல்
அடுத்த திங்கள், இரவு 10:30

பார்த்தேன் அம்மா. நடுவில் பள்ளம், அலகு முழுக்கச் சாம்பல் நீலம், நுனி தொடப்படவே இல்லை. பிடியின் வலப்பக்கத்தில் கட்டைவிரல் வைத்து வைத்து மழுங்கிய இடமும் தெரிகிறது. விறகோ கயிறோ வெட்டிய கத்தியில் தேய்மானம் இப்படி இருக்காது. பழம் நறுக்கிய கத்தி என்று சொல்லத் தயங்க மாட்டேன். அதைத் தீட்ட யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

அலமாரி
அடுத்த திங்கள், இரவு 10:34

தரமாட்டேன்.

உலைக்கூடம்
செவ்வாய், காலை 6:05

அண்ணே, ஹிகோனோகாமி எனக்குக் குடுங்க. பையன் எட்டாவது படிக்கிறான். பென்சில் சீவட்டும், தீட்டவும் பழகட்டும். ஒரு ரூவா இன்னிக்கே தபால்ல போடறேன்.

பேனாக்கத்தி
செவ்வாய், காலை 6:40

முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். காசு வந்து சேர்ந்ததும் அனுப்புகிறேன், அதற்கு முன்னால் இல்லை. எண்ணெய் பூசி, அலகு திறக்காமல் ரப்பர் வளையம் போட்டு, மகள் எழுதிய சீட்டோடு வரும். சீட்டில் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருக்கிறாள், உங்கள் பையன் எழுதுவதற்கு.